கட்டடக்கலை, டிசைன் படிப்புக்கு லேப்டாப்: வாங்கும் முன்னும் பின்னும் 28 குறிப்புகள்

பிள்ளைக்கு பி.ஆர்க். அல்லது பி.டெஸ். இடம் உறுதியானதுமே வீட்டில் லேப்டாப் பேச்சு தொடங்கிவிடும். கடையில் கேட்டால் "ஆர்க்கிடெக்சரா? கேமிங் லேப்டாப் எடுத்துடுங்க" என்பார்கள். ஐடி வேலையில் இருக்கும் சித்தப்பா ஆப்பிள்தான் நல்லது என்பார். பக்கத்து வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பையனோ சாதாரண லேப்டாப்பே போதும் என்பான். மூவரும் அவரவர் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் முப்பரிமாண மாடல் கட்டி, அதை நிஜப்படம்போல் ரெண்டர் செய்து, ஏ1 ஷீட்டாக அச்சிட்டு, ஜூரியில், அதாவது மதிப்பீட்டுக் குழுவின் முன், வைக்கப்போகும் மாணவரின் தேவை தனி.

எதைப் பின்னால் மாற்ற முடியாதோ அதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். எதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமோ அதற்கு அப்புறம் செலவழிக்கலாம். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துச் சொல்பவைதான்.

வாங்கும் முன்

1. கல்லூரியில் சேர்ந்த வாரமே வாங்காதீர்கள். முதலாம் ஆண்டில் பெரும்பாலான கட்டடக்கலைக் கல்லூரிகளில் கைவேலைதான் அதிகம். டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், மினி டிராஃப்டர், பென்சில், மவுண்ட் போர்டு, பசை என்றே நாள் போகும். முதல் ஆண்டில் கம்ப்யூட்டர் வரைபடத்தை ஏற்காத ஆசிரியர்களும் உண்டு. பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. அதில் மிகக் கடுமையான வேலை கடைசி ஆண்டு தீசிஸில் வருகிறது. சேர்ந்த அன்றே வாங்கினால், அந்த வேலை வரும்போது லேப்டாப் ஐந்து வயதை நெருங்கி வாரண்டியும் முடிந்திருக்கும். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கினால் புதிய தலைமுறை கிடைக்கலாம்.

2. அதே கல்லூரி சீனியர்களைக் கேளுங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் அக்கா, அண்ணன்களிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எந்த ஆண்டில் எந்த மென்பொருள் வருகிறது? உங்கள் லேப்டாப் எந்த வேலையில் திணறுகிறது? இப்போது வாங்குவதென்றால் எதை மாற்றுவீர்கள்? இணையத்தில் ஒரு வாரம் தேடுவதைவிட இந்தப் பத்து நிமிடப் பேச்சு பயன் தரும்.

3. முதலில் மென்பொருள் பட்டியல், அப்புறம் லேப்டாப். கட்டடக்கலை, இன்டீரியர் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ, லூமியான், வி-ரே, ஃபோட்டோஷாப், இன்டிசைன் ஆகியவை வழக்கமாக வரும். புராடக்ட் டிசைனில் ரைனோ, ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ், கீஷாட். கிராபிக் டிசைனில் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர். அனிமேஷனில் பிளெண்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். கிராபிக் மாணவருக்குத் திரையின் நிறம் முக்கியம். கட்டடக்கலை மாணவருக்கு கிராபிக்ஸ் கார்டு முக்கியம். "டிசைன்" என்ற ஒரே பெயரைக் கேட்டு இருவருக்கும் ஒரே லேப்டாப் வாங்கக் கூடாது.

4. ஆப்பிளா, விண்டோஸா? ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், லூமியான் மூன்றும் விண்டோஸில் மட்டுமே இயங்குபவை. பழைய இன்டெல் மேக்புக்கில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020-இல் எம்1 சிப்புடன் வந்த மேக்புக் முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரைனோ, ஆர்ச்சிகேட், பிளெண்டர், அடோபி மென்பொருள்கள் மேக்கில் ஓடும் என்பது உண்மைதான். ஆனாலும் நம் ஊர்க் கட்டடக்கலை மாணவருக்கு விண்டோஸே பாதுகாப்பான தேர்வு. கிராபிக் டிசைன், செயலி வடிவமைப்பு படிப்பவர்கள் தயங்காமல் மேக்புக் எடுக்கலாம். அதில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் 16 ஜிபிக்குக் குறைந்த மாடல் வேண்டாம்.

5. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்பைத் தவிர்த்துவிடுங்கள். மெல்லியதாக, நாள் முழுக்க பேட்டரி நிற்பதாகப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் சிப் வேறு வகை. ஆட்டோகேட், ரெவிட் போன்றவை இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதப்பட்டவை. அலுவலக வேலைக்கு அருமையான அந்த லேப்டாப், ஸ்டூடியோ வேலைக்கு ஒத்துவராது.

6. முழுப் பணத்தையும் லேப்டாப்பிலேயே போட்டுவிடாதீர்கள். மவுஸ், எக்ஸ்டர்னல் டிரைவ், முதுகுப்பை, கூடுதல் வாரண்டி என்று பின்னாலேயே செலவு வரும். கையில் 80,000 ரூபாய் இருந்தால் 70,000, 72,000 ரூபாய்க்குள் லேப்டாப்பை முடியுங்கள். மிச்சம் இவற்றுக்கு ஆகும்.

உள்ளே இருப்பவை

7. மாற்ற முடிந்தது எது, முடியாதது எது? புராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் லேப்டாப்பின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். திரையை மாற்றலாம், ஆனால் செலவு அதிகம். ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் பல மாடல்களில் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஒரே விலையில் இரண்டு லேப்டாப் இருந்து, ஒன்றில் கிராபிக்ஸ் கார்டு நல்லதாகவும் மற்றதில் எஸ்எஸ்டி பெரியதாகவும் இருந்தால், முதலாவதை எடுங்கள்.

8. புராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். "ஐ7" என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணுக்குப் பின் யு என்ற எழுத்து வந்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்த உருவான சிப். எச், எச்எஸ், எச்எக்ஸ் என்று வந்தால் கனமான வேலைக்கானது. யு வகை ஐ7-ஐவிட எச் வகை ஐ5 ரெண்டரில் முந்திக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆட்டோகேடும் ரெவிட்டும் பல வேலைகளைப் புராசஸரின் ஒரே கோரில்தான் செய்கின்றன. அங்கே ஒரு கோரின் வேகம் பேசும். வி-ரே போன்றவற்றைப் புராசஸரில் ஓட்டி ரெண்டர் செய்யும்போது எல்லா கோரும் உழைக்கும். அங்கே எண்ணிக்கை பேசும். இன்டெல் கோர் ஐ5, ஐ7, கோர் அல்ட்ரா, ஏஎம்டி ரைசன் 5, 7 எதுவானாலும் கடந்த இரண்டு தலைமுறைக்குள் வந்த எச் வகை போதுமானது.

9. தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். லூமியான், டி5, என்ஸ்கேப், ட்வின்மோஷன் போன்ற ரெண்டர் மென்பொருள்கள் எல்லாம் கிராபிக்ஸ் கார்டை நம்பியே ஓடுபவை. கார்டில் உள்ள தனி நினைவகத்தை, அதாவது விரேமைக் கவனியுங்கள். மரம், செடி, மனிதர்கள், கண்ணாடி, தரை டெக்ஸ்சர் எல்லாம் ரெண்டரின்போது அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மென்பொருள் நத்தை வேகத்துக்கு இறங்கும், அல்லது மூடிக்கொள்ளும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050-இல் 4 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வகை உண்டு. 4 ஜிபி இன்றைய வேலைக்குக் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4050-இல் 6 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 4060, 5050, 5060 மூன்றிலும் 8 ஜிபி. குறைந்தது 6, முடிந்தால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4070-க்கும் அதே 8 ஜிபிதான். ஆகவே 4060-ஐத் தாண்டிக் கொடுக்கும் பணம் மாணவருக்குப் பெரிதாகத் திரும்பி வராது.

10. ஒரே பெயர் கொண்ட கார்டு ஒரே வேகத்தில் ஓடாது. ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மெல்லிய உடலில் குறைந்த வாட்டில் ஓடும் 4060, தடித்த உடலில் முழு வாட்டில் ஓடும் 4050-க்குப் பின்தங்கலாம். விவரத் தாளில் இந்த வாட் அளவைக் குறிக்கும் டிஜிபி என்ற எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். அங்கே எழுதவில்லையென்றால் கடைக்காரரையோ நிறுவனத்தின் உதவி எண்ணையோ கேளுங்கள்.

11. ரேம் குறைந்தது 16 ஜிபி. ரேமை வரைபட மேசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேசை பெரிதாக இருந்தால் எல்லா ஷீட்டையும் ஒரே நேரத்தில் விரித்து வைக்கலாம். சிறிதாக இருந்தால் ஒன்றைச் சுருட்டித்தான் இன்னொன்றை விரிக்க முடியும். ஏ1 ஷீட்டை 300 டிபிஐ-யில் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் அது சுமார் 7 கோடி பிக்சல். ஒரே ஒரு லேயருக்கே 200 எம்பி-க்கு மேல் நினைவகம் வேண்டும். இருபது லேயர் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரெவிட்டுக்கு அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் சொல்லும் தொடக்க அளவே 16 ஜிபி; பரிந்துரைப்பது 32. கூட்ட முடியாத 8 ஜிபி என்றால் வாங்காதீர்கள். 16-இல் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் 32 ஆக்கிக்கொள்ளலாம்.

12. ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். மேலே சொன்ன திட்டம் பலிக்க வேண்டுமானால் உள்ளே ஸ்லாட் இருக்க வேண்டும். விவரத் தாளில் "எல்பிடிடிஆர்" என்றிருந்தால் பெரும்பாலும் பற்றவைத்த ரேம். கூட்டவே முடியாது. அப்படிப்பட்ட மாடலென்றால் தொடக்கத்திலேயே 32 ஜிபி எடுத்துவிட வேண்டும். ஸ்லாட் உள்ளதில் டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் வேகமாக ஓடும். பின்னால் கூட்டும் எண்ணம் இருந்தால் மட்டும், ஒரு ஸ்லாட் காலியாக இருப்பதே நல்லது.

13. எஸ்எஸ்டி 512 ஜிபி குறைந்தபட்சம். விண்டோஸும் நாலைந்து பெரிய மென்பொருளும் நிறுவியதுமே கணிசமான இடம் போய்விடும். ஃபோட்டோஷாப் தற்காலிக வேலைக்கும் இடம் கேட்கும். என்விஎம்இ வகையாக இருக்கட்டும். இரண்டாவது எம்.2 ஸ்லாட் உள்ள மாடல் கிடைத்தால், இப்போது 512-ஐ எடுத்து, இடம் நிறையும்போது இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளியே தெரிபவை

14. திரையில் நிறத்தின் அளவைப் பாருங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்றிருக்கும். நிறங்கள் சோர்ந்து தெரியும். அந்தத் திரையைப் பார்த்து நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், அச்சடித்து வந்த ஷீட் பளீரென்று அடிக்கும். "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்பதும் ஏறத்தாழ அதே தரம்தான். ஐபிஎஸ் பேனல், குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம், கண்ணாடிபோல் மின்னாத மேட் பூச்சு மூன்றும் இருந்தால் நல்ல திரை.

15. திரையின் அளவு 15.6 அல்லது 16 அங்குலம். 14 அங்குலத்தில் ஆட்டோகேட் கருவிப் பட்டைகள் போக, வரைய இடம் சிறுத்துவிடும். 16-க்கு 10 விகிதத் திரை என்றால் உயரம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்; பிளான் வரைய வசதி. 1920-க்கு 1200 போதும். 2560-க்கு 1600 இருந்தால் கோடுகள் துல்லியமாகத் தெரியும். 4கே திரை வேண்டாம். பேட்டரியைத் தின்னும், சில மென்பொருள்களில் ஐகான்கள் சுருங்கித் தெரியும். 144, 165 ஹெர்ட்ஸ் என்பது விளையாட்டுக்கானது. அதற்காகத் தனியே பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

16. தூக்கிப் பாருங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். சார்ஜர் அரை கிலோவுக்கு மேல். அதோடு ஷீட் ஹோல்டர், மாடல், கட்டர், ஸ்கேல் எல்லாவற்றையும் சுமந்து பேருந்திலும் மின்சார ரயிலிலும் தினம் போக வேண்டும். ஹாஸ்டல் மாணவருக்கு 2.5 கிலோவும் பரவாயில்லை. தினம் இரண்டு பேருந்து மாறுகிற பிள்ளைக்கு 2 கிலோவை ஒட்டியே பாருங்கள். முதுகு வலியும் ஒரு செலவுதான்.

17. பேட்டரியை நம்பி ரெண்டர் செய்ய முடியாது. இந்த வகை லேப்டாப்புகள் மின் இணைப்பு இல்லாதபோது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அது பழுது ஆகாது, அமைப்பே அப்படி. வகுப்பில் குறிப்பு எழுத, பிடிஎஃப் பார்க்க மூன்று, நான்கு மணி நேரம் தாங்கினால் போதும். யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலென்றால், வெளியே போகும்போது 65 அல்லது 100 வாட் சிறிய சார்ஜரை மட்டும் எடுத்துப் போகலாம்.

18. போர்ட்களும் கீபோர்டும். ஜூரியில் புரொஜெக்டரில் காட்ட எச்டிஎம்ஐ வேண்டும். மவுஸ், பென் டிரைவ், பென் டேப்லெட்டுக்கு குறைந்தது இரண்டு சாதாரண யுஎஸ்பி போர்ட் வேண்டும். வலப்பக்கம் எண் விசைகள் உள்ள கீபோர்டு ஆட்டோகேடில் அளவுகளைத் தட்டுவதற்குப் பெரிய உதவி. கீபோர்டில் விளக்கு எரிந்தால், அறைத்தோழர் தூங்கும்போதும் இருட்டில் வேலை ஓடும்.

19. மவுஸைப் பார்த்து வாங்குங்கள். டச்பேடில் ஆட்டோகேட் வரைவது நேர விரயம். சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் ஆட்டோகேடில் படம் நகரும், ஸ்கெட்ச்அப்பில் மாடல் சுழலும். அந்த நடுச்சக்கரம் மென்மையாக அழுந்துகிற மவுஸாக எடுங்கள். கையால் வரைந்து பழகியவர்களுக்குத் தொடுதிரை லேப்டாப்பைவிடத் தனியாக ஒரு சிறிய பென் டேப்லெட் மலிவு. லேப்டாப் மாறினாலும் கூடவே வரும்.

கடையும் பணமும்

20. கடையில் ஐந்து நிமிடச் சோதனை. காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில், கிராபிக்ஸ் கார்டு எது, அதன் நினைவகம் எவ்வளவு எல்லாமே தெரியும். பென் டிரைவில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு புகைப்படத்தைக் கொண்டுபோய் இரண்டு, மூன்று திரைகளில் திறந்து பாருங்கள். நிற வித்தியாசம் கண்ணுக்கே புலப்படும்.

21. வாரண்டி மூன்று ஆண்டு, வீட்டுக்கே வரும் வகை. ஓராண்டு வாரண்டியுடன் வருவதற்குப் பணம் கட்டி மூன்றாண்டாக நீட்டுங்கள். கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் இவற்றுக்கான தனிப் பாதுகாப்பும் பல நிறுவனங்களில் உண்டு. பசையும் பெயின்ட்டும் தேநீரும் ஒரே மேசையில் இருக்கும் ஸ்டூடியோவில் அது வீண் போகாது. உங்கள் ஊரில் அல்லது கல்லூரி இருக்கும் ஊரில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். அதே எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எந்த நாளில் தொடங்கியது என்பதும் தெரியும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

22. பழையதை வாங்கலாமா? வாங்கலாம், விதிகளோடு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். ஆகவே 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அலுவலகங்கள் பயன்படுத்திக் கைமாற்றும் டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக், லெனோவா திங்க்பேட் பி வரிசை ஆகியவை வடிவமைப்பு வேலைக்காகவே வந்தவை, உறுதியானவை. பேட்டரியின் நிலை, திரையில் புள்ளி, கீல், கிராபிக்ஸ் கார்டின் விரேம் நான்கையும் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

23. பணத்துக்கு வழி. கல்விக் கடன் எடுப்பவர்கள் கவனிக்க: படிப்பை முடிக்கத் தேவையென்றால் கம்ப்யூட்டர் விலையையும் கடனில் சேர்க்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் உண்டு. கல்லூரியிடம் ஒரு கடிதமும் கடையிடம் ஒரு கொட்டேஷனும் வாங்கி, கடன் விண்ணப்பத்தின்போதே வங்கியில் கேளுங்கள். "வட்டியில்லாத் தவணை" என்று சொன்னால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி விற்பனை வரை பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம். மாணவர் சலுகையையும் தயங்காமல் கேளுங்கள்.

24. அரசு லேப்டாப் வீட்டில் இருந்தால் ஒதுக்காதீர்கள். அரசின் விலையில்லா லேப்டாப் ரெண்டருக்கு ஈடுகொடுக்காது. ஆனால் கட்டுரை எழுத, தேட, சிறிய இருபரிமாண வரைபடம் வரைய உதவும். பெரிய லேப்டாப் இரவு முழுக்க ரெண்டர் செய்யும்போது இதில் ரிப்போர்ட் எழுதலாம். முதலாம் ஆண்டை இதை வைத்தே ஓட்டிவிடலாம்.

வாங்கிய பின்

25. திருட்டு மென்பொருள் வேண்டாம். கிராக் செய்த கோப்புகளோடு வைரஸும் சேர்ந்து வரும். சப்மிஷனுக்கு முந்தின இரவில் எல்லாக் கோப்பும் பூட்டப்பட்டுக் கிடந்தால் யாரிடம் போய் முறையிடுவது? தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். ரைனோவை 90 நாள் முழு வசதியுடன் இலவசமாகப் பயன்படுத்தலாம். பிளெண்டர் எல்லாருக்கும் எப்போதும் இலவசம். நகர்ப்புற ஆய்வுக்கு உதவும் க்யூஜிஐஎஸ்-உம் அப்படியே. மாணவர் என்பதற்குச் சான்று கேட்பார்கள் என்பதால், கல்லூரி அடையாள அட்டையை முதல் வாரமே ஸ்கேன் செய்து வையுங்கள்.

26. குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பு. ரெவிட்டில் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது. திருப்பிச் சேமிக்கவும் வழியில்லை. குழு வேலை தொடங்கும் முன் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பேசி முடிவெடுங்கள். அச்சுக் கடைக்கு எப்போதும் பிடிஎஃப்-ஆகவே கொண்டுபோங்கள். எழுத்துரு மாறிப்போகும் தொல்லை இல்லை.

27. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியே. வேலைக்கோப்பு லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று இருக்கட்டும். தினமும் படுக்கும் முன் நகலெடுங்கள். கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். "ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்" என்று பெயர் வைத்தால் உங்களுக்கே குழப்பம் வரும். ஆட்டோகேடில் தானியங்கிச் சேமிப்பு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருக்கும், ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். வரைபடம் கெட்டுப்போனால் அதே ஃபோல்டரில் பிஏகே என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றினால் முந்தைய சேமிப்பு திறக்கும். விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிரைவைத் தானாகவே பூட்டி வைக்கும். அதன் மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

28. சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். மெத்தைமேல், தலையணைமேல் வைத்து ரெண்டர் போடக் கூடாது. அடியில் காற்று நுழையும் வழி அடைபட்டு, சூடேறி, வேகம் குறைந்துவிடும். கெட்டியான மேசையில், பின்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். மே மாத வெயிலில் பெரிய ரெண்டரை இரவுக்குத் தள்ளிவைப்பது நல்லது. ஃபோம் போர்டு வெட்டும் தூளும் மரத்தூளும் விசிறிக்குள் போகும். மாடல் செய்யும் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டரில் கொடுத்து உள்ளே சுத்தம் செய்யுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில், பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

கடைக்குப் புறப்படும்போது ஒரு தாளில் இதை மட்டும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: எச் வகை புராசஸர், 6 அல்லது 8 ஜிபி விரேம் உள்ள தனி கிராபிக்ஸ் கார்டு, கூட்டுவதற்கு இடத்தோடு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி திரை, மூன்றாண்டு வாரண்டி. இந்த ஆறும் உங்கள் பணத்துக்குள் எந்த நிறுவனத்தில் கிடைக்கிறதோ, அதுவே உங்கள் பிள்ளைக்கான லேப்டாப். ஆறும் ஒன்றாகக் கிடைக்கவில்லையென்றால் ரேமிலும் எஸ்எஸ்டியிலும் இப்போதைக்கு விட்டுக்கொடுங்கள். ரேமுக்கு ஸ்லாட் இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டிலும் திரையிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.